புதிய டிஸ்க் தெரியவில்லையா? பதறாதீர்கள், சகோதரிகளே!



நம் உம்மும்மாமார் காலத்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், நிக்காஹ் பதிவின் பிரதி, கொடுக்கல் வாங்கல் எழுதிய கடதாசி எல்லாம் அதற்குள்தான். பெட்டியின் சாவி வீட்டுப் பெண்ணின் முந்தானையில் முடிந்திருக்கும். இன்று அந்தப் பெட்டி சுருங்கி, உள்ளங்கை அளவான ஒரு டிஸ்க்காகக் கம்பியூட்டருக்குள் போய்விட்டது. பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறு, கல்யாணப் படங்கள், மௌத்தான வாப்பாவின் குரல் என்று எத்தனையோ அதற்குள் இருக்கின்றன. பெட்டி மாறியதோடு சாவியும் கை மாறிவிட்டது. "அது தம்பிக்குத்தான் தெரியும்" என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம்.

ஒதுங்கலாமா? வீட்டின் அமானிதங்களைக் காப்பவள் வீட்டுப் பெண். ஆகவே இந்தச் சிறு விடயத்தை நீங்கள் அறிந்து வைத்திருப்பது அவசியம். நீங்கள் ஸ்க்ரூ டிரைவர் பிடிக்க வேண்டியதில்லை. எந்த இடத்தில் "நில்லு மகன்" என்று சொல்ல வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

நடப்பது என்ன?

வற்றாப்பளையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழெட்டு வருடப் பழைய கம்பியூட்டர். டிஸ்க் நிரம்பிவிட்டது. இயங்கவும் ஆமை வேகம். மகன் முல்லைத்தீவுக்கோ வவுனியாவுக்கோ போய்ப் புதிய டிஸ்க் ஒன்று வாங்கி வந்து பூட்டுகிறான். சுவிட்சைப் போட்டால் புதிய டிஸ்க்கைக் காணவில்லை! கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று ஒரு சந்தேகம், பூட்டியதில் பிழையோ என்று இன்னொரு சந்தேகம். பதற்றத்தில் திரையில் வரும் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று அழுத்திக்கொண்டே போகிறான். கடைசியில் புதிய டிஸ்க் தெரிகிறது. ஆனால் பழைய டிஸ்க்கில் இருந்தவை காணாமற்போய்விடுகின்றன.

புதிய டிஸ்க் பழுதானால் கடையில் மாற்றித் தருவார்கள். பழைய டிஸ்க்கில் இருந்ததை எந்தக் கடையும் தர முடியாது. அதனால் புதிய டிஸ்க்கில் கோளாறு வரும்போது முதலில் காப்பாற்ற வேண்டியது பழையதைத்தான்.

நம் பகுதிக்கு இதன் அருமை தெரியும்

கண்ணகி அம்மன் கோவிலால் பெயர் பெற்ற ஊர் வற்றாப்பளை. நந்திக்கடல் ஓரத்து மண். 2009 ஆம் ஆண்டு இறுதி யுத்தத்தின்போது இந்தப் பகுதி மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இடம்பெயர்ந்தார்கள். அதற்கு முன் 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி முல்லைத்தீவுக் கரையோரத்து வீடுகளைப் பெட்டி படுக்கையோடு அள்ளிக்கொண்டு போனது. அதற்கும் முன், 1990 ஒக்டோபரில், அயலூர்களான தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி, முள்ளியவளை முஸ்லிம்கள் வட மாகாணத்து ஏனைய முஸ்லிம்களோடு விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். பெரும்பாலானோர் புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

தமிழரானாலும் முஸ்லிமானாலும், திரும்பி வந்து "இது என் காணி" என்று சொன்னால் "உறுதி எங்கே?" என்பதுதான் முதற் கேள்வி. தகரப் பெட்டியைத் தொலைத்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் வலி தெரியும். கச்சேரிக்கும் பிரதேச செயலகத்துக்கும் எத்தனை நடை! அன்று நம்மை மீறிப் போனதை இன்று ஒரு பட்டனை அழுத்தி நாமே தொலைப்பதா?

பூட்டுவதற்கு முன்

பழைய டிஸ்க்கில் உள்ள முக்கியமானவற்றை முதலில் வேறோர் இடத்தில் பிரதி எடுத்துவிட வேண்டும். ஒரு பென் டிரைவாக இருந்தாலும் பரவாயில்லை. படம் எல்லாம் முடியாவிட்டால் பத்திரங்களையாவது எடுங்கள். எடுக்கும்போது "கொப்பி" செய்யுங்கள், "கட்" செய்யாதீர்கள். கட் செய்து மாற்றும்போது பாதியில் மின்சாரம் போனால் எது அங்கே, எது இங்கே என்று தேட வேண்டி வரும். 2022 மார்ச் இறுதியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லையே! யு.பி.எஸ். இருந்தால் அதில் இணைத்து வேலை செய்வது நல்லது.

பிறகு கம்பியூட்டரை முறைப்படி நிறுத்தி, சுவரிலிருந்து பிளக்கையும் கழற்ற வேண்டும். கழற்றிய பின் பவர் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்தால் உள்ளே தேங்கிய மின்சாரமும் வடிந்துவிடும். உள்ளே கை வைக்கும் முன் பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒரு முறை தொட வேண்டும். நம் உடலில் சேரும் நிலைமின்சாரம் டிஸ்க்கின் சிறு பாகங்களைக் கருக்கிவிடக்கூடும். ஓலைப்பாய், கம்பளம் போன்றவற்றில் வைத்துச் செய்யாமல் மர மேசையில் வைத்துச் செய்வது சிறந்தது.

கம்பியூட்டருக்குத் தெரிகிறதா?

புதிய டிஸ்க் தெரியவில்லை என்றால் முதலில் ஒரு கேள்வி கேட்க வேண்டும். கம்பியூட்டருக்கே தெரியவில்லையா, அல்லது விண்டோஸுக்கு மட்டும் தெரியவில்லையா? இதைப் பிரித்து அறிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

அதற்கு வழி உண்டு. கம்பியூட்டரைப் போட்டவுடன் டிலீட் அல்லது எஃப் 2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயோஸ் என்ற பக்கம் வரும். சில கம்பெனிகளின் கம்பியூட்டரில் விசை வேறாக இருக்கும். அந்தப் பக்கத்தில் டிஸ்க்குகளின் பட்டியல் இருக்கும். புதிய டிஸ்க்கின் பெயர் அதில் இல்லையென்றால் கோளாறு பெரும்பாலும் இணைப்பில்தான்.

சாட்டா டிஸ்க் என்றால் அதற்கு இரண்டு வயர்கள் உண்டு. அகலம் குறைந்தது தகவலுக்கு, அகலமானது மின்சாரத்துக்கு. ஒன்றை மட்டும் பூட்டிவிட்டு மற்றதை மறப்பது அடிக்கடி நடக்கும் பிழை. இரண்டையும் கழற்றி மீண்டும் இறுகப் பூட்டிப் பார்க்கவும். சரிவராவிட்டால் வேறு வயர், அதுவும் சரிவராவிட்டால் மதர்போர்டில் வேறு துவாரம். வேறொரு பவர் சப்ளையின் வயரை மட்டும் எடுத்து மாட்ட விடாதீர்கள். முனை பொருந்தினாலும் உள்ளே மின்சாரம் வரும் ஒழுங்கு வேறாக இருக்கலாம். டிஸ்க் அந்த இடத்திலேயே கருகிவிடும்.

சூயிங்கம் பட்டை போல மெல்லியதாக வரும் எம்.2 வகை டிஸ்க் என்றால் இன்னொரு சங்கதி. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அதில் சாட்டா வகை, என்.வி.எம்.ஈ. வகை என இரண்டு உண்டு. மதர்போர்டின் துவாரம் ஒரு வகையை மட்டும் ஏற்பதாக இருந்தால் மற்றது அதில் தெரியவே தெரியாது. டிஸ்க்கில் பழுதில்லை, வாங்கியதுதான் பொருந்தவில்லை. சில மதர்போர்டுகளில் எம்.2 டிஸ்க்கைப் பூட்டியதும் ஒன்றிரண்டு சாட்டா துவாரங்கள் தாமாகச் செயலிழந்துவிடும். "புதியதைப் பூட்டினேன், பழையது செத்துவிட்டது" என்று அழ வேண்டாம். பழையதன் வயரை வேறு துவாரத்துக்கு மாற்றினால் அது மீண்டும் தெரியும். எந்தத் துவாரம் என்பது மதர்போர்டின் கைநூலில் இருக்கும்.

யு.எஸ்.பி. வயரில் இணைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். மூன்றரை அங்குலப் பெரிய டிஸ்க்குக்கு 12 வோல்ட் மின்சாரம் வேண்டும். யு.எஸ்.பி. 5 வோல்ட்டைத்தான் தரும். ஆகவே தனி மின்சார அடாப்டர் இல்லாமல் பெரிய டிஸ்க் சுழலாது.

விண்டோஸுக்குத் தெரியவில்லையா?

பயோஸில் பெயர் இருக்கிறது, விண்டோஸில் மட்டும் காணோம் என்றால் சந்தோஷப்படுங்கள். பெரும்பாலும் அது கோளாறே அல்ல. புத்தம் புதிய டிஸ்க் என்பது கோடு போடாத வெற்றுக் காணி. நில அளவையாளர் வந்து எல்லை போட்டு, துண்டு பிரித்து, இலக்கம் கொடுத்த பிறகுதானே உறுதி எழுதலாம்? டிஸ்க்கும் அப்படித்தான்.

ஸ்டார்ட் பட்டனில் மவுஸின் வலது பொத்தானை அழுத்தினால் வரும் பட்டியலில் டிஸ்க் மேனேஜ்மென்ட் என்று இருக்கும். அதைத் திறந்தால் எல்லா டிஸ்க்குகளும் வரிசையாக நிற்கும். புதியது "இனிஷியலைஸ்" செய்யப்படவில்லை என்று அங்கே காட்டும். எம்.பி.ஆர்., ஜி.பி.டி. என இரண்டு முறைகள் கேட்கும். எம்.பி.ஆர். பழைய முறை. 2 டெரா பைட்டுக்கு மேல் அதனால் எட்ட முடியாது. ஜி.பி.டி.யைத் தெரிவு செய்யலாம். பிறகு கறுப்புக் கோட்டோடு காட்டும் வெற்றிடத்தில் புதிய வொல்யூம் ஒன்றை உருவாக்கி, என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபோர்மட் செய்து, ஓர் எழுத்தைக் கொடுத்தால் முடிந்தது. சில வேளை டிஸ்க் எல்லாம் சரியாக இருந்து, எழுத்து மட்டும் கொடுக்கப்படாமல் இருக்கும். அப்போது எழுத்தை மட்டும் கொடுத்தால் போதும், ஃபோர்மட் வேண்டாம்.

இங்கேதான் "நில்லு மகன்"!

சகோதரிகளே, இந்தப் பந்தியை இரு முறை வாசியுங்கள். "இனிஷியலைஸ்", "ஃபோர்மட்" என்ற இரு சொற்களும் வெற்று டிஸ்க்குக்கு மட்டுமே உரியவை. ஏற்கனவே படமும் பத்திரமும் உள்ள டிஸ்க்கை இணைக்கும்போது "பயன்படுத்துமுன் ஃபோர்மட் செய்ய வேண்டும், செய்யவா?" என்று விண்டோஸ் கேட்டால் "வேண்டாம்" என்பதே பதில். உள்ளே உள்ளதை வாசிக்க முடியாத போதெல்லாம் விண்டோஸ் அப்படித்தான் கேட்கும். டிஸ்க் வெறுமையானது என்று அதற்குப் பொருள் அல்ல. கேன்சலை அழுத்தி, முறைப்படி கழற்றி வைத்துவிட்டு, தகவல் மீட்பு தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

வெற்று டிஸ்க்கை ஃபோர்மட் செய்யும்போதும் எந்த டிஸ்க்கில் கை வைக்கிறோம் என்பதை அளவைப் பார்த்து உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டும் ஒரே அளவு என்றால், பழையதன் வயரைக் கழற்றி வைத்துவிட்டே புதியதைத் தயார் செய்வது மிகப் பாதுகாப்பு. விண்டோஸ் பழையதில்தான் இருக்கிறது என்றால் அதைக் கழற்ற முடியாது. அப்போது பெயரையும் இலக்கத்தையும் கடதாசியில் எழுதி வைத்து, ஒருவர் வாசிக்க மற்றவர் சரிபார்த்துச் செய்யுங்கள்.

பழைய டிஸ்க்கை வேறு கம்பியூட்டரில் இணைத்தவுடன் 48 இலக்கத் திறவுகோல் ஒன்றைக் கேட்டாலும் பயப்பட வேண்டாம். அது பிட்லொக்கர் என்ற பூட்டு. பல புதிய லெப்டொப்களில் அது தானாகவே போடப்பட்டிருக்கும். திறவுகோல் பெரும்பாலும் உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். டிஸ்க்கைக் கழற்றுவதற்கு முன்பே அதை எடுத்து எழுதி வைப்பது புத்திசாலித்தனம்.

அடிக்கடி எழும் சந்தேகங்கள்

"1 டெரா பைட் என்று வாங்கினோம், 931 ஜிகா பைட்தான் காட்டுகிறது. மோசடியா?" இல்லை. கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறது, விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. 500 என்று வாங்கியது 465 ஆகத் தெரிவதும் இதனால்தான்.

ஆனால் நம்ப முடியாத மலிவு விலையில் 16 டெரா பைட் எஸ்.எஸ்.டி. என்று இணையத்தில் விற்கிறார்களே, அதில்தான் மோசடி இருக்கிறது. உள்ளே சிறிய சில்லு ஒன்றை வைத்து, பெரிய அளவைக் காட்டும்படி செய்திருப்பார்கள். எழுத எழுத ஏற்றுக்கொள்ளும், திறந்து பார்த்தால் பழைய கோப்புகள் பாழாகியிருக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் டிஸ்க் முழுவதும் எழுதி வாசித்து உண்மையைக் காட்டிவிடும். கோப்புகளை ஏற்றுவதற்கு முன்பே சோதிக்க வேண்டும்.

"புதிய டிஸ்க்கைப் பூட்டியதும் கம்பியூட்டர் திறக்கவே இல்லை, ஒப்பரேட்டிங் சிஸ்டம் இல்லை என்கிறது." வெற்று டிஸ்க்கிலிருந்து தொடங்கப் பார்க்கிறது, அவ்வளவுதான். பயோஸில் பூட் வரிசைக்குப் போய் விண்டோஸ் உள்ள பழைய டிஸ்க்கை முதலாவதாக வைத்தால் சரியாகிவிடும்.

"பிரதி எடுக்க விடிய விடிய ஆகிறது." பழைய யு.எஸ்.பி. 2.0 துவாரத்தில் விநாடிக்கு 30, 40 மெகா பைட்தான் போகும். யு.எஸ்.பி. 3 துவாரம் இருந்தால் அதில் போடுங்கள். பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும்.

"டக் டக் என்று சத்தம் வருகிறது." சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் இந்தச் சத்தம் ஆபத்தின் அறிகுறி. உடனே நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் போட்டுப் பார்ப்பது காயத்தை மேலும் கீறுவதற்குச் சமன். புதியது என்றால் உத்தரவாதக் காலத்துக்குள் மாற்றுங்கள். பழையது என்றால் தகவல் மீட்பவரிடம் கொடுங்கள். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் சுகநலத்தைக் காட்டும். அதில் மஞ்சளோ சிவப்போ வந்தால் அன்றைக்கே பிரதி எடுக்கத் தொடங்குங்கள்.

பழைய டிஸ்க்கை என்ன செய்வது?

எல்லாம் புதியதற்கு வந்துவிட்டது என்றதும் பழையதை வெறுமையாக்கும் அவசரம் பிள்ளைகளுக்கு உண்டு. விடாதீர்கள். இரு பக்கமும் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் ஒன்றா என்று பாருங்கள். பத்துப் பதினைந்து படங்களையும் பத்திரங்களையும் திறந்து பாருங்கள். ஒரு மாதமாவது புதியது ஒழுங்காக வேலை செய்யட்டும். அதுவரை பழையதில் ஒன்றையும் அழிக்காதீர்கள்.

விற்பதாக இருந்தால் இன்னொரு எச்சரிக்கை. அழித்துவிட்டோம் என்று நினைத்த குடும்பப் படங்களைப் பிறர் மீட்டெடுக்க முடியும். விரைவு ஃபோர்மட் மேலோட்டமான துடைப்பு மட்டுமே. சுழலும் டிஸ்க் என்றால் "குயிக்" என்ற அடையாளத்தை நீக்கி முழு ஃபோர்மட் செய்தால் விண்டோஸ் அதன் மேல் முழுவதும் வெறுமையை எழுதிவிடும். எஸ்.எஸ்.டி. என்றால் தயாரித்த கம்பெனியே தரும் அழிப்பு மென்பொருளைப் பயன்படுத்த வேண்டும். கம்பியூட்டரைத் திருத்தக் கொடுக்கும்போதும், பழுது டிஸ்க்கில் இல்லையென்றால் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொடுங்கள். நம் பெண்களின் படங்கள் அந்நியர் கண்ணில் படாதிருக்க இது எளிய வழி.

பழையதைக் காப்புப் பிரதியாக அலமாரியில் வைக்கலாமா? சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால் வைக்கலாம். வருடத்துக்கு ஓரிரு தடவை இணைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். எஸ்.எஸ்.டி. மின்னேற்றத்தில் நினைவை வைத்திருப்பது. பாவித்துத் தேய்ந்த வீட்டு எஸ்.எஸ்.டி., 30 பாகை வெப்பத்தில், மின்சாரம் இல்லாமல் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்பதே அதற்குரிய தரநிர்ணயம். வன்னி வெயிலுக்கு அதை வருடக்கணக்கில் பெட்டிக்குள் பூட்டி வைப்பது உகந்ததல்ல.

ஒரு பிரதி போதாது

1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இருந்தவை திரும்பக் கிடைத்தன. ஒரே பிரதியாக இருந்தவை போனவைதான். 2005 இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகம் இன்று இலங்கைத் தமிழ் பேசும் மக்களின் நூல்களையும் பத்திரிகைகளையும் படமெடுத்துப் பாதுகாக்கிறது. சமுதாயம் செய்வதை ஒவ்வொரு வீடும் தன்னளவில் செய்யலாம் அல்லவா? ஒரு பிரதி கம்பியூட்டரில், ஒரு பிரதி வெளி டிஸ்க்கில், ஒரு பிரதி வேறு ஊரில் உள்ள சகோதரியின் வீட்டில் அல்லது இணையச் சேமிப்பில். கல்பிட்டியில் மகள் இருந்தால் வற்றாப்பளை வீட்டுப் பத்திரத்தின் பிரதி அங்கே இருக்கட்டும். வெள்ளமும் தீயும் இரண்டு ஊரை ஒரே நாளில் தொடுவது அரிது.

இது நமக்குப் புதிய பாடம் அல்ல. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்த ஸஹாபாக்கள் பலர் ஷஹீதானபோது, உமர் (ரழி) அவர்களின் ஆலோசனைப்படி அபூபக்ர் (ரழி) அவர்கள் அதை ஏடுகளில் தொகுக்கும் பொறுப்பை ஸைத் இப்னு ஸாபித் (ரழி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். அந்த ஏடுகள் அபூபக்ர் (ரழி) அவர்களிடமும் பின்பு உமர் (ரழி) அவர்களிடமும் இருந்து, அதன் பின் அன்னை ஹஃப்ஸா (ரழி) அவர்களின் பொறுப்பில் வந்து சேர்ந்தன. உஸ்மான் (ரழி) அவர்கள் அன்னையாரிடம் அவற்றைக் கேட்டு வாங்கி, பிரதிகள் எடுத்து, பல பிரதேசங்களுக்கும் அனுப்பினார்கள். மூல ஏடுகளை மறவாமல் அன்னையாரிடமே திருப்பி ஒப்படைத்தார்கள். ஒரு பெண்மணி பத்திரமாக வைத்திருந்தார்கள், மூலம் சிதையாமல் பிரதி எடுக்கப்பட்டது, பிரதிகள் வெவ்வேறு ஊர்களில் வைக்கப்பட்டன. உம்மத்தின் பெரும் அமானிதம் அந்த ஒழுங்கில் காக்கப்பட்டது. நம் வீட்டுச் சிறு அமானிதத்துக்கும் அதே ஒழுங்கு போதும்.

ஆகவே சகோதரிகளே, அடுத்த முறை வீட்டில் புதிய டிஸ்க் பூட்டப்படும்போது அடுக்களையிலிருந்து எழுந்து வந்து பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். மகனிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். பிரதி எடுத்தாயா? இது எந்த டிஸ்க்? இதற்குள் ஏதாவது இருக்கிறதா? மூன்றுக்கும் தெளிவான பதில் வரும்வரை அவன் விரல் அந்தப் பொத்தானைத் தொட வேண்டாம். இன்ஷா அல்லாஹ், உங்கள் வீட்டுப் பெட்டி பத்திரமாக இருக்கும்.